ஏழாவது மூச்சு

பச்சை விளக்கைப் பார்த்தால் ரயில் டிரைவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைக்கிறவர்கள், ஜன்னலோரம் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டு போகிறவர்கள். டிரைவருக்குச் சந்தேகம்தான் வரும். எதற்காகப் பச்சை? யார் கொடுத்தது? அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? முப்பத்தெட்டு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியதில் எனக்கு மிஞ்சியது இந்தச் சந்தேகமும் ஒரு முழங்கால் வலியும்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சென்னியப்பன் சொல்லும் கதையைப் போத்தனூரில் யாரும் நம்புவதில்லை. வாளையாற்றுக் காட்டில் ஒரு கொம்பன் யானை எனக்கு மூன்று வருஷம் சிக்னல் காட்டியது. தும்பிக்கை மேலே இருந்தால் போகலாம், கீழே இருந்தால் நிற்க வேண்டும். ஒருநாளும் தப்பாகக் காட்டியதில்லை. அதற்கு ஒரு வேலை போட்டுக் கொடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதினேன்; பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். இது நடந்தது. நம்பாதவர்கள் யானையைக் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது சொல்லப்போவதும் நடந்ததுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்தி சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். அங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் தட்டியது.

சுகந்தி என்னிடம் அசிஸ்டென்ட்டாக மூன்று வருஷம் வண்டியில் வந்தவள். நான் ஓய்வுபெற்ற பிறகு டிரைவரானாள். அப்பா அம்மா இல்லை. நல்லது கெட்டதற்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள். ஏழு மாதத்துக்கு முன் நவக்கரை ரயில்வே கேட்டில், மூடியிருந்த கட்டைக்கு அடியில் சைக்கிளோடு நுழைந்த ஓர் ஆள் அவள் வண்டிக்கு முன்னால் மாட்டிக்கொண்டான். சைக்கிள் தண்டவாளத்தில் சிக்கியிருந்தது. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம், ஓடவில்லை. இவள் ஹாரன் அடித்தாள், பிரேக் போட்டாள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தாள். நாற்பது வண்டி நிலக்கரியோடு வருகிற ரயில், நினைத்த இடத்தில் நிற்குமா? கடைசியில் அந்த ஆள் நிமிர்ந்து இவளைப் பார்த்திருக்கிறான்.

அதற்குப் பிறகு குக்கர் விசில் அடித்தால்கூட இவளுக்கு மூச்சு நின்றுவிடும். எங்கள் சமையலறை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நீலம் பாரித்து நிற்பாள். என் மனைவி மயிலாத்தாள் முதுகைத் தேய்த்துவிடுவாள். சுகந்தி வருகிற நாளெல்லாம் எங்கள் வீட்டில் சோறு வடித்துத்தான் ஆக்கினோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வருவது தெரியாது. குக்கர் அடுப்பில் இருந்தது.

"வா கண்ணு, உக்காரு. என்ன, மொகமெல்லாம் தெளிவா இருக்குது?" என்றாள் மயிலாத்தாள்.

"நல்லாயிட்டனுங்க அக்கா. மூச்சகத்துல சேந்து பத்து நாளாச்சுங்க. வெள்ளிக்கிழம பரிட்சை. பாஸாயிட்டா திங்கக்கெழம வண்டி."

"அந்த ஆளு நெனப்பு வர்றதில்லியா?" என்றேன் நான். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"வருதுங்க சார். பச்சைச் சட்ட. இடது கையில கயிறு. சைக்கிள் கேரியர்ல ஒரு பை, அதுல முட்டைக்கோசு. என்னையப் பாத்தாரு. அப்பறம் அடிச்சிருச்சுங்க."

மளிகைச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் குக்கர் கூவியது. நானும் மயிலாத்தாளும் ஒரே சமயத்தில் எழுந்தோம். சுகந்தி எழவில்லை. மூன்று விசில். இமைகூட அடிக்கவில்லை.

"காபில சக்கர கொஞ்சம் தூக்கலுங்க அக்கா" என்றாள்.

அவள் போன பிறகு மயிலாத்தாள் தம்ளரைக் கழுவாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கறா" என்றாள்.

"ரொம்ப நல்லா இருக்கறா. அதுதான் எனக்குப் பிடிக்கலே" என்றேன்.

மூச்சகம் என்பது கணவாய்த் தடம் என்ற ரயில் கம்பெனி மதுக்கரைப் பக்கம் கட்டியிருக்கும் சிகிச்சைக்கூடம். நான் வேலை பார்த்த அதே கம்பெனிதான். ஓட்டுகிற பிள்ளைகளுக்கு விபத்தால் வருகிற பயத்தை, யோகத்தாலும் மூச்சாலும் இரண்டே வாரத்தில் தீர்க்கிறார்களாம். முப்பத்தெட்டு வருஷத்தில் இந்தக் கம்பெனி எதையும் இரண்டு வாரத்தில் செய்து நான் பார்த்ததில்லை. எங்கள் கேபினில் ஒரு மின்விசிறி மாற்ற ஒன்றரை வருஷம் ஆனது. அதுவும் பழைய விசிறியைவிட மெதுவாகச் சுற்றியது.

புதன்கிழமை உறவினர்கள் வந்து பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் இருவரும் போனோம்.

வெள்ளை அடித்த பெரிய கூடம். தரையில் பாய் விரித்து முப்பது பேர் மல்லாந்து படுத்திருந்தார்கள். எல்லோர் நெஞ்சிலும் அகலமான சாம்பல் நிறப் பட்டை. அது உப்பியது, தளர்ந்தது. முப்பது நெஞ்சும் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கின. பார்க்க அழகாக இருந்தது.

அங்கே பொறுப்பில் இருந்தவர் டாக்டர் ஹேமச்சந்திரன். நாற்பது வயது இருக்கும். செருப்பில்லாமல் நடந்தார், சத்தமே வரவில்லை. சத்தம் வராமல் நடக்கிறவர்களையும் நான் சந்தேகப்படுவேன்.

"பயந்தா மூச்சு மாறும், இல்லையா சார்?" என்று விளக்க ஆரம்பித்தார். "ரொம்பப் பெரிய பயம்னா, ஆபத்து போனப்புறமும் மூச்சு பழையபடி திரும்பாது. உடம்பு இன்னும் அந்த நிமிஷத்துலயே நின்னுக்கிட்டிருக்கும். நரம்புக்குக் காலண்டர் பாக்கத் தெரியாது."

"சரிங்க."

"மூச்சைத் திருப்பினா நரம்பும் திரும்பும். யோகத்துல இதை எப்பவோ கண்டுபிடிச்சுட்டாங்க. ஆனா அதுக்கு மாசக்கணக்காகும். பயந்து போனவங்ககிட்ட 'மெதுவா மூச்சு விடுங்க'ன்னு சொன்னா இன்னும் பயப்படுவாங்க. அதனால நாங்க இரவல் மூச்சு தர்றோம். ரொம்ப அமைதியான ஒருத்தரோட மூச்சை இந்தப் பட்டையில ஏத்தியிருக்கோம். அது நெஞ்சை அமுக்கி அமுக்கி விடும். ரெண்டு வாரத்துல உடம்பு அதைத் தன்னோட மூச்சுன்னே நினைச்சுக்கும்."

"யாரோட மூச்சுங்க?"

"அதைச் சொல்றதில்லை சார். நம்பர் மட்டும்தான்."

"ஏனுங்க?"

"எனக்கே தெரியாது. பேரைப் பாத்தா மரியாதை வந்துடும், அளவு தப்பாயிடும்."

நான் அடுத்த கேள்வியைத் தேடிக்கொண்டிருந்தபோது மயிலாத்தாள் என் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

"ஏனுங்க, இது உங்க மூச்சுங்க."

"சும்மா இரு."

"சும்மாவா? எண்ணிக்கிட்டே வாங்க. ஒண்ணு... ரெண்டு..."

எண்ணினோம். டாக்டரும் எண்ணினார். ஆறு மூச்சு சீராக வந்தது. ஏழாவது மூச்சில் முப்பது நெஞ்சும் பாதி வழியில் நின்றன. ஒரு நொடி, இரண்டு நொடி. பிறகு ஒன்றும் நடக்காததுபோல இறங்கின. மறுபடி ஆறு. மறுபடி ஏழாவதில் ஒரு நிறுத்தம்.

"நாப்பத்திமூணு வருஷம் பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதுங்களா டாக்டரு? ஏழாவதுல நின்னுபோகும். மொதல்லெல்லாம் ஆளு போயிட்டாரோன்னு எந்திரிச்சு உக்காந்துக்குவேன். கலியாணமான புதுசுல இது இல்லீங்க. ரெண்டு வருஷங்கழிச்சுத்தான் வந்துச்சு."

"வயசானா எல்லாம் வரும்" என்றேன்.

"அப்ப உங்களுக்கு முப்பத்தியொண்ணு" என்றாள் அவள்.

டாக்டர் அந்தப் பேச்சைக் கவனிக்கவில்லை. என் பழைய பணி எண்ணைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனார். வரும்போது ஓடி வந்தார். அப்போதுதான் அவர் காலில் சத்தம் கேட்டது.

"நானூத்திப் பதினேழு! சார், நீங்களா!"

அவர் சொன்னது இதுதான். நான் ஓய்வுபெறுவதற்கு முந்தைய இரண்டு வருஷம், டிரைவர்கள் தூங்கிவிடக் கூடாது என்று கம்பெனி எல்லோருக்கும் சட்டைக்குள் ஒரு பட்டை கட்டிவிட்டது. கண் அசந்தால் அது கிள்ளும். கிள்ளியதோடு நிற்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் மூச்சையும் அது எழுதிவைத்திருக்கிறது. பின்னால் அமைதியான மூச்சைத் தேடியபோது அந்தக் குவியலைத் தோண்டியிருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் ஆள் விழுந்த நேரத்தில் எல்லோருடைய மூச்சும் தாறுமாறாக ஓடியிருக்கிறது. ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் ஓடவில்லை.

"வாளையாறு சம்பவத்துல, உங்க வண்டி முன்னால ஆள் வந்து விழுந்தப்ப, உங்க கோடு ஒரு மயிரிழை மாறலை சார். ஞானிகளுக்குக்கூட இப்படி இருக்குமான்னு தெரியலை."

என் சந்தேகமெல்லாம் அந்த நொடியே தீர்ந்துபோனது. சந்தேகத்துக்குப் புகழ்ச்சியைப் போல மருந்து வேறில்லை. திரும்பிப் பார்த்தால் பட்டைகள் உப்பித் தளர்வது இப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நெஞ்சுகள் நன்றாகத்தான் ஏறி இறங்கின. பாயும் நல்ல பாய்.

"வெள்ளிக்கிழமை பரிட்சைக்கு வாங்க. சனிக்கிழமை காலைல மேடைல உக்காந்து நேரடியா மூச்சு விடுங்க. முப்பது பட்டையும் உங்களை அப்படியே பின்தொடரும். அவங்களுக்கு எவ்வளவு பெரிய பாக்கியம்!" என்றார்.

"வந்தாப் போச்சுங்க" என்றேன். யானைக் கதையையும் சொன்னேன். நம்பியதுபோலத் தலையாட்டினார். படித்தவர்.

இரண்டு நாள் போத்தனூரில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். சலூனில், கூட்ஸ்செட் முக்கில், பேக்கரியில், எங்கே நின்றாலும் இரண்டு மூச்சு விட்டுக் காட்டினேன். "பாத்துக்கப்பா, இதுதான் சரக்கு. மதுக்கரைல இதை முப்பது பேரு சுவாசிக்கறாங்க" என்றேன். பேக்கரிக்காரர், "அப்ப உங்க வெத்தலை வாசமும் வருமாக்கு?" என்று கேட்டார். பொறாமை.

மத்தியானம் நான் படுத்தால் மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். அவள் உதடு எண்ணிக்கொண்டிருக்கும்.

வெள்ளிக்கிழமை பரிட்சை. ரயில் கேபின் மாதிரியே ஒன்று செய்து, கண்ணாடிக்குப் பதில் பெரிய திரை வைத்திருந்தார்கள். சுகந்தி உள்ளே ஏறி உட்கார்ந்தாள். திரையில் தண்டவாளம் ஓடியது. வெளியே இன்னொரு சின்னத் திரையில் அவள் மூச்சு ஒரு கோடாக ஓடியது. என் கோடு. ஏழாவதில் சின்ன நிறுத்தம்.

ஒரு வளைவு. அதைத் தாண்டியதும், நடுத் தண்டவாளத்தில் ஓர் ஆள்.

நான் நாற்காலியின் கையைப் பிடித்தேன். சுகந்தி பிரேக்கைச் சரியாகப் போட்டாள். கோடு மாறவில்லை. ஆள் பெரிதாகிக்கொண்டே வந்தான். அவளுடைய வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் ஹாரன் இருந்தது. கை மடியில் கிடந்தது. கோடு மாறவில்லை. ஆள் திரை முழுக்க ஆனான். பிறகு இல்லை.

சின்னத் திரையில் பச்சையாக 'தகுதி' என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பச்சையைப் பார்த்ததும் என் பழைய சந்தேகம் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டது.

வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்தேன்.

"ஏங்கண்ணு, ஹாரன் ஏன் அடிக்கலே?"

அவள் யோசித்தாள். "அடிக்கலீங்களா?"

"அடிக்கலே."

"பிரேக் போட்டனுங்களே."

"பிரேக் நமக்கு. ஹாரன் அந்தாளுக்கு."

அவள் சிரித்தாள். கேலி இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமில்லை அந்தச் சிரிப்பில். "நீங்களும் அடிக்க மாட்டீங்களே சார்" என்றாள்.

"யாரு? நானா?"

"வாளையாத்துல அன்னைக்கு ஹாரன் அடிச்சது நானுங்க. நீங்க அப்படியே உக்காந்திருந்தீங்க. கூப்புட்டேன், திரும்பலே. எந்திரிச்சு வந்து உங்க தோளுக்கு மேல கைய நீட்டி நாந்தான் அடிச்சேன். விசாரணையில நீங்க அடிச்சதா எழுதிக் குடுத்தேன்."

வராந்தாவில் யாரோ துணி உலர்த்தியிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சிக்னலும் நீங்க கூவ மாட்டீங்க" என்று அவள் அதே குரலில் சொல்லிக்கொண்டு போனாள். "நான் 'பச்சை'ன்னு கூவுனா நீங்களும் திருப்பிக் கூவோணும், அதுதான சட்டம்? மூணு வருஷத்துல ஒருநாளும் கூவலே. வெரல மட்டும் தூக்குவீங்க."

"இத்தன வருஷமா ஏன் கண்ணு சொல்லலே?"

"பயமா இருந்துச்சுங்க. நீங்க சங்கடப்படுவீங்கன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். ஏழாவது மூச்சு. "இப்பப் பயமில்லீங்க."

திங்கட்கிழமை இவளுக்கு வண்டி. நாற்பது வண்டி நிலக்கரி, முன்னால் யார் நின்றாலும் ஹாரனுக்குப் போகாத கை. கற்றுக்கொடுத்தவன் நான்.

நேரே டாக்டரிடம் போனேன். "அந்தப் புள்ளைய வண்டி ஏத்தாதீங்க. அந்த மூச்சு அமைதி இல்லீங்க. அது வேற."

"என்ன வேற?"

"பயந்துபோய் நின்ன மூச்சுங்க. நாப்பது வருஷமா நிக்குது."

அவர் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "சார், யானைக் கதை எனக்குப் பிடிச்சிருந்தது. ஆனா இது மருத்துவம்."

"நான் பொய் சொல்றங்கறீங்களா?"

"நீங்க சொல்லலாம். பட்டை சொல்லாது."

இதற்குத்தான் சொல்கிறேன், பொய்யை அளவோடு சொல்ல வேண்டும் என்று. ஒருநாள் உண்மை தேவைப்படும்போது வாய் கிடைக்காது. வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பினேன்.

"பட்டை பொய் சொல்லாதில்லீங்க?"

"சொல்லாது."

"நாளைக்கு மேடைல கட்டுவீங்கல்ல?"

"கண்டிப்பா."

"சரிங்க. வர்றேன்."

சனிக்கிழமை காலை பத்து மணி. முப்பது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி முதல் வரிசையில். எனக்குப் பட்டையைக் கட்டினார்கள். மயிலாத்தாள் சுவரோரம், சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டாக்டர் என்னைப் பற்றி நாலு வார்த்தை உயர்வாகச் சொன்னார். முப்பது பட்டையும் என் நெஞ்சோடு சேர்ந்து உப்பின.

"உங்களுக்கெல்லாம் ஒரு கதை சொல்லட்டுங்களா?" என்றேன். டாக்டர் தலையாட்டினார். கதைதானே என்று நினைத்திருப்பார்.

"நான் டிரைவரான மூணாவது வருஷம். எட்டிமடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் வெட்டுன எடம், ரெண்டு பக்கமும் பாறை. காலைல ஏழு மணி. தூரத்துல சிக்னல் தெரிஞ்சுது. அசிஸ்டென்ட் கூவிட்டான். நானும் கூவோணும். மேல சிக்னலப் பாத்துக்கிட்டே 'பச்சை'ங்கறதுக்கு வாயத் தொறந்தேன். தொறந்த வாயோட கீழ பாத்தேன்."

மூச்சு சீராகத்தான் வந்தது. ஒன்று.

"ஒரு அம்மா. தலையில பெரிய புல்லுக்கட்டு. தண்டவாளத்து நடுவுல எனக்கு முதுகக் காட்டிக்கிட்டு நடந்து போறாங்க. புல்லுக்கட்டு காத ரெண்டையும் மூடியிருக்குது."

இரண்டு. மூன்று.

"பிரேக் போட்டேன். ரெண்டு கையாலயும் பிரேக்கப் புடிச்சேன். விடவே இல்லே."

நான்கு. ஐந்து.

"விசாரணையில நான் என்ன சொன்னேன்னா, நீளமா ஹாரன் அடிச்சேன், அந்தம்மாவுக்குக் காது கேக்காதுன்னு. ஊருல அதயே சொன்னேன். ஊட்டுலயும் அதயே சொன்னேன். நான் கட்டுன மொதக் கதை அதுதான். எல்லாரும் நம்புனாங்க. அதுக்கப்பறம் கதை கட்டறது எனக்கு ரொம்ப லேசாயிருச்சு."

ஆறு.

"அந்தம்மாவுக்குக் காது நல்லாக் கேக்கும். பின்னால விசாரிச்சேன். பேரு கருப்பாயி. நான் ஹாரன் அடிக்கலே. பாத்ததுலருந்து வண்டி மோதுன வரைக்கும் ஆறு மூச்சு இருந்துச்சு. ஒரு மூச்சுல கைய எடுத்து அடிச்சிருந்தாப் போதும். ஏழாவது மூச்சு..."

ஏழாவது மூச்சு பாதியில் நின்றது. எனக்கு நின்றது, முப்பது பேருக்கும் நின்றது. ஒரு நொடி. இரண்டு நொடி. வழக்கமாக அப்போது இறங்கிவிடும். இறங்கவில்லை. மூன்று. நான்கு. முன்வரிசையில் ஒருவர் கண்ணை அகல விரித்தார். டாக்டர் சுவிட்ச் பலகைக்கு ஓடினார்.

மயிலாத்தாள் எழுந்து அதை மறைத்து நின்றுகொண்டாள். "கைய எடுங்க கண்ணு. அவரு இன்னும் முடிக்கலே."

அப்போதுதான் சுகந்தியின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. தோளுக்கு மேல் போனது. காற்றில் எதையோ பிடித்து இழுத்தது. வாயைத் திறந்து அவள் கத்தினாள்.

"ஊஊஊஊ..."

நீளமாக, அடிவயிற்றிலிருந்து வந்தது அந்த ஹாரன். கூடத்தின் கண்ணாடி அதிர்ந்தது. மூச்சு தீரும் வரைக்கும் கத்தினாள். தீர்ந்ததும் இழுத்து மறுபடி கத்தினாள். கூடவே இன்னொருவர், இன்னொருவர். என் நெஞ்சுக்குள் நாற்பது வருஷமாக நின்றிருந்தது சடாரென்று இறங்கியது. நான் அழுதேன். அழுகிறவன் மூச்சுக்கு எண்ணிக்கை ஏது? விக்கியது, திக்கியது, ஓடியது. முப்பது பட்டையும் அந்தக் கோணல் மூச்சைப் பின்தொடர முடியாமல் ஒவ்வொன்றாக அணைந்தன. பட்டை அணைந்த பிறகும் முப்பது பேரும் நடுங்கிக்கொண்டே இருந்தார்கள், அவரவர் மூச்சில்.

சுகந்தி தலையைத் தரையில் வைத்து, "அந்த முட்டைக்கோசு உருண்டுதுங்க சார், உருண்டுக்கிட்டே போச்சுங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். மயிலாத்தாள் போய் முதுகைத் தேய்த்துவிட்டாள்.

அன்று மாலைக்குள் முப்பது பேரின் 'தகுதி'யும் சிவப்பாகிவிட்டது. திங்கட்கிழமை நிலக்கரி வண்டியை வேறு ஆள் எடுத்துப் போனார். கம்பெனி மூச்சகத்தைப் பற்றி டாக்டரிடம் விளக்கம் கேட்டது. அவர் நாற்பது பக்கம் எழுதினாராம். ஒரு வரிதான் எனக்குக் காட்டினார்: 'அசையாத கோட்டை நாம் அமைதி என்று படித்துவிட்டோம்.'

"எனக்கும் அப்படித்தாங்க. நானும் அப்படித்தான் படிச்சுட்டிருந்தேன்" என்றேன்.

இப்போது அவர் பட்டையில்லாமல் சொல்லிக்கொடுக்கிறார். மாசக்கணக்காகும், ஆகட்டும் என்கிறார். கண்ணைத் திறந்துகொண்டு, பாதத்தைத் தரையில் அழுத்தி, அவரவர் மூச்சை அவரவர் விட வேண்டும். முடியாதவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கலாம். கடைசியில் எழுந்து நின்று, சுவரில் வரைந்திருக்கும் சிக்னலை நோக்கிக் கையை நீட்டி, மூச்சு தீரும் வரைக்கும் 'பச்சை' என்று கூவ வேண்டும். சிக்னல் கூவுவதைப் போல நீளமாக மூச்சை வெளியே விடும் பயிற்சி வேறில்லை என்கிறார். இந்த யோசனையைக் கொடுத்தது சுகந்தி. அந்த வகுப்பிலேயே மட்டமான மாணவன் நான். ஐந்து வாரம் விரல்தான் எழுந்தது. ஆறாவது வாரம் 'ப' வந்தது. மீதியையும் வாங்கிவிடலாம் என்று சுகந்தி சொல்கிறாள்.

அவளுக்கு இன்னும் குக்கர் விசில் ஆகாது. வருகிற நாளெல்லாம் நாங்கள் சோறு வடிக்கிறோம். சில நாள் அழுதுகொண்டே வருகிறாள். அதைப் பார்த்தால் எனக்கு நிம்மதியாக இருக்கிறது. இதை வெளியில் சொன்னால் கொடூரன் என்பார்கள்.

கம்பெனியோ பட்டையை விடுவதாக இல்லை. ஈரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு கூடம் திறக்கிறார்களாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் அடுத்த அமைதியான ஆளாக பணி எண் இருநூற்று எண்பத்தெட்டைப் பிடித்திருக்கிறார்களாம். எனக்கு அவனைத் தெரியும். அவனும் ரொம்ப நன்றாகக் கதை சொல்வான்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மயிலாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து மெதுவாக எண்ண ஆரம்பித்தாள். நான் தூங்கவில்லை. ஆனாலும் கண்ணைத் திறக்கவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்றாள். ஏழில் அவள் கை நின்றது. அவரைக்காய் உடையும் சத்தம் வரவில்லை. பாவம், நாற்பத்தொரு வருஷமாக இப்படித்தான் காத்திருக்கிறாள் என்று, எட்டாவது மூச்சை நானாகவே இழுத்துவிட்டேன்.

"எட்டு" என்றாள். ஓர் அவரைக்காய் உடைந்தது.

எட்டாவது மூச்சு பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்பதாவதை நான் இழுக்கவில்லை; அதுவாகவே வந்தது.